தூக்கணாங்குருவியின் குடும்ப ரகசியம்

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் தூக்கணாங்குருவிக் கூட்டைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. பனை ஓலையின் நுனியில் தொங்கும். கிணற்றுக்குள் சாய்ந்த கிளையில் சுரைக்குடுக்கை போல ஆடும்.

எல்லாக் கூடும் முழுக் கூடு அல்ல. சில கூடுகள் பாதியோடு நின்றிருக்கும். குல்லாயைக் கவிழ்த்துத் தொங்கவிட்டது போல இருக்கும்.

குருவி ஏன் வேலையைப் பாதியில் நிறுத்தியது? மழைக்கு ஒதுங்க ஆண் குருவி தனக்கென்று கட்டிக்கொண்டது என்று சிலர் நினைத்தார்கள். உண்மை வேறு. அதைக் கண்டுபிடித்தவர், அப்பொழுது வேலை இல்லாமல் இருந்த ஒரு மனிதர். அவர் பெயர் சலீம் அலி.

மஞ்சள் கழுத்துக் குருவி

சலீம் அலி 1896-ம் ஆண்டு நவம்பர் 12-ந்தேதி பம்பாயில் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். மாமா அமிருதீன் தயாப்ஜி அவரை வளர்த்தார்.

சிறுவனாக இருந்தபோது, காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் இருந்தது. அது என்ன குருவி? வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துப் போனார். அங்கே செயலாளராக இருந்த மில்லர்டு என்ற வெள்ளைக்காரர் குருவியின் பெயரைச் சொன்னார். பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் திறந்து காட்டினார். பையனின் மனம் அங்கேயே தங்கிவிட்டது.

ஆனால் பறவை ஆசை சோறு போடவில்லை. பர்மாவுக்குப் போய்க் குடும்பத் தொழிலைப் பார்த்தார். அது சரிப்படவில்லை. பட்டம் இல்லாததால், அரசாங்கத்தின் விலங்கியல் துறையில் கேட்ட வேலையும் கிடைக்கவில்லை. 1926-ல் பம்பாய் அருங்காட்சியகத்தில் உத்தியோகம் கிடைத்தது. 1928-ல் ஜெர்மனிக்குப் போய், பெர்லினில் ஸ்ட்ரெஸ்மான் என்ற அறிஞரிடம் பறவை ஆராய்ச்சி கற்றார். 1930-ல் திரும்பி வந்தால், உத்தியோகம் இல்லை! பணம் இல்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள்.

மனைவி தெஹ்மினாவுடன், பம்பாய்க்கு அக்கரையில் உள்ள கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குக் குடிபோனார். அங்கே மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன.

வீடு பார்க்கும் பெண்கள்

மற்றவர்கள் பறவையைச் சுட்டு, அளந்து, பெட்டியில் வைத்தார்கள். சலீம் அலி உயிரோடு இருக்கும் பறவை என்ன செய்கிறது என்று பார்த்தார். மழைக் காலத்தில் மாதக் கணக்கில் கவனித்துக் குறித்துக்கொண்டார்.

புல்லையும் ஓலையையும் கிழித்துக் கூடு பின்னுவது ஆண் குருவிதான். குல்லாய் அளவு வந்ததும் நிறுத்திவிடும். அப்போது பெண் குருவிகள் வரும். ஆண் சிறகை அடித்து ஆரவாரம் செய்யும். பெண் உள்ளே புகுந்து, அலகால் இழுத்து, கூட்டைச் சோதித்துப் பார்க்கும். பிடித்தால் தங்கும். பிடிக்காவிட்டால் பறந்துவிடும். நம் ஊரில் பெண் பார்க்கப் போவார்கள். இங்கே பெண்ணே வீடு பார்க்க வருகிறது!

பெண் சம்மதித்த பிறகுதான் ஆண் மிச்ச வேலையை முடிக்கும். நீண்ட வாசலையும் கட்டும். பெண் முட்டையிட்டதும், அடைகாக்கும் வேலையை அதனிடம் விட்டுவிட்டு, ஆண் பக்கத்திலேயே இன்னொரு கூடு கட்டத் தொடங்கும். இன்னொரு பெண்ணுக்காக! பெண்கள் ஏற்காத கூடுகள்தான் பாதியிலேயே தொங்குகின்றன.

கூட்டுக்குள் மின்மினியை ஒட்டி விளக்கு வைக்கும் என்று நம் பாட்டிகள் கதை சொல்வார்கள். களிமண் உருண்டை ஒட்டுவது உண்மை. விளக்குத்தான் கதை.

இந்தக் கண்டுபிடிப்பு 1931-ல் அச்சில் வந்தது. வேலை போயிராவிட்டால் அவர் கிஹிமுக்குப் போயிருப்பாரா என்பது சந்தேகமே.

கோத்தகிரியும் ஆனைகட்டியும்

பிறகு கோத்தகிரியிலும் சில காலம் வசித்தார். ராணுவ டாக்டராக இருந்த அனந்தன் என்பவர் அழைத்திருந்தார். 1933-ல் திருவாங்கூர், கொச்சிப் பகுதிகளில் பறவைக் கணக்கு எடுத்தார். எல்லாவற்றிலும் துணை நின்ற தெஹ்மினா 1939-ல் காலமானார். அந்தத் துக்கத்துக்குப் பின்னும் வேலையை நிறுத்தவில்லை. 1941-ல் இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. அமெரிக்க அறிஞர் ரிப்ளேயுடன் சேர்ந்து 10 பாகங்கள் கொண்ட பெரு நூலையும் எழுதினார். 1976-ல் பத்ம விபூஷண் விருது பெற்றார்.

1987-ம் ஆண்டு ஜூன் 20-ந்தேதி, 90-வது வயதில், பம்பாயில் காலமானார். மூன்று ஆண்டு கழித்து, 1990-ல், கோவையை அடுத்த ஆனைகட்டி மலையடிவாரத்தில் அவர் பெயரில் பறவை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது.