மதுரையை 1858-ல் போட்டோ எடுத்த ராணுவ கேப்டன்: யார் இந்த லின்னேயஸ் டிரைப்?

மதுரையில் துணி எடுக்க விளக்குத்தூண் பக்கம் போயிருப்பீங்க. அந்தத் தூண், கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரிவாக்கிய கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக வைத்தது. அதை 1858-லேயே ஒருத்தர் போட்டோ எடுத்திருக்கார்.

அவர்தான் லின்னேயஸ் டிரைப். 1822-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். 1839-ல் கிழக்கிந்திய கம்பெனியின் சென்னை ராணுவத்தில் சேர்ந்தார். லீவில் ஊருக்குப் போன சமயத்தில் கேமரா பழகிக்கொண்டார். 1854 கடைசியில் ஹளேபீடு, பேலூர் கோயில்களை எடுத்தார். அடுத்த வருடமே பர்மா மன்னர் மிண்டோனைப் பார்க்கப் போன பிரிட்டிஷ் தூதுக்குழுவில் போட்டோகிராபர் வேலை. 200-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களோடு திரும்பினார்.

அப்போது அவர் பயன்படுத்தியது மெழுகு பூசிய காகித நெகட்டிவ். அதில் நீல வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவ் மேலேயே சாயம் தொட்டு மேகம் வரைந்தார். அரசு ஆவணத்தில் கைவேலை! ஆனால் அந்த மேகங்கள் இருப்பதால்தான் பர்மா படங்கள் வெறும் பதிவாக நின்றுவிடவில்லை என்பது என் கருத்து.

1856-ல் சென்னை மாகாணத்தின் அரசு போட்டோகிராபர் ஆனார். 1857 கடைசியில் கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று ஒரு பெரிய ரவுண்டு. நீண்ட எக்ஸ்போஷர் என்பதால் நடமாடுகிற ஆட்கள் படத்தில் பதிய மாட்டார்கள். கோபுரம், குளம், தெரு எல்லாம் ஆளில்லாமல் கிடக்கும். மதுரை திருமலை நாயக்கர் மகால் அவர் படங்களில் சிதிலமாக நிற்கிறது. அதைச் சீரமைத்தது பிறகு வந்த ஆளுநர் நேப்பியர் காலத்தில்தான். சீரமைப்புக்கு முந்தைய மகாலைப் பார்க்க இந்தப் படங்கள் இன்று பெரிய ஆதாரம்.

இருந்தாலும் உச்சம் தஞ்சைப் பெரிய கோயில்தான். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்னைக்கு போனில் பேனோரமா எடுக்கும்போதே கை ஆடுது. இவர் பெட்டி கேமராவைத் தூக்கித் தூக்கி வைத்து எடுத்திருக்கார். படம் மட்டுமில்லை, படிக்கவும் கூடிய ஆவணம் அது.

ஆனால் நேரம் சரியில்லை. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு கஜானாவில் கடும் நெருக்கடி. 1859-ல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், இந்த வேலையெல்லாம் ஆடம்பரச் செலவு என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். டிரைப்புக்கு அப்போது 40 வயதுகூட ஆகவில்லை. அதன்பிறகு அவர் கேமராவைத் தொட்டதே அபூர்வம். ராணுவ வேலையைத் தொடர்ந்து, ஓய்வு பெற்றதும் பிறந்த ஊருக்கே போய்விட்டார். 1902-ல் காலமானார்.

அவருடைய படங்களுக்கென வாஷிங்டன், நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்களில் பெரிய கண்காட்சி நடந்தது 2014-15-ல்.