முப்புரி கண்ட மேதை

போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலைச் சரிவில் நாள்தோறும் ஏறும் தொழிலாளியின் உடலைக் கருதுக. ஏறுங்கால் தசையை எலும்போடு பிணித்து நிற்பது தசைநாண். உயிர்வளியை உடலெங்கும் சுமந்து செல்வது குருதி. தசைநாணுக்கு வலிமை தருவது கொலாஜன். குருதிக்குச் செம்மை தருவது ஹீமோகுளோபின். இரண்டும் புரதங்களே. அமினோ அமிலங்களாகிய மணிகளைக் கோத்த மாலைகள் அவை. ஆயினும், முன்னது கயிறுபோல் நீண்டது, நீரில் கரையாது, இழுவிசையைத் தாங்குவது. இது நார்ப்புரதம். பின்னது பந்துபோல் மடிந்தது, நீரில் கரைவது, உயிர்வளியைப் பற்றிச் சென்று வேண்டுமிடத்தில் விடுவது. இஃது உருண்டைப்புரதம். மாலை மடியும் வகையே அதன் தொழிலை வகுக்கின்றது.

அம்மடிப்பின் இலக்கணத்தை வகுத்தவர் ஜி. என். இராமச்சந்திரன். அவர் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் பயின்ற அவர், கேம்பிரிட்ஜிலும் ஆராய்ச்சி செய்தார். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியரானார்.

கொலாஜனின் அமைப்பு அந்நாளில் விடை காணாப் புதிராக இருந்தது. அதில் ஒவ்வொரு மூன்றாம் மணியும் மிகச் சிறிய கிளைசினாக வருவதை அவர் கருத்திற் கொண்டார். மூன்று இழைகள் நெருங்கி நிற்குமாயின், நடுவே அச்சிறு மணிக்கே இடமுண்டு. கோபிநாத் கர்த்தாவுடன் 1954இல் மூவிழை அமைப்பை வெளியிட்டார். மறு ஆண்டில், அவ்விழைகள் ஒன்றையொன்று தழுவி முறுக்குண்டிருத்தலையும் காட்டினார்.

அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று மேனாட்டறிஞர் மறுத்தனர். இராமச்சந்திரன் சினம் கொள்ளவில்லை; சோர்ந்து அமரவுமில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆராயத் தலைப்பட்டார். அறியப்பட்ட படிகங்களின் அளவுகளைத் திரட்டி, மாலையின் ஒவ்வொரு கண்ணியிலும் இயலும் திருப்பங்களையும் இயலாத் திருப்பங்களையும் கணக்கிட்டார். சசிசேகரன், இராமகிருஷ்ணன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட அவ்வரைபடம் 'இராமச்சந்திரன் வரைபடம்' எனப் பெயர் பெற்றது. நார்ப்புரதத்தில் எழுந்த ஐயம், உருண்டைப்புரதத்துக்கும் பொருந்தும் விதியைத் தந்தது. புதிதாகக் காணப்படும் புரத அமைப்பு சரியானதா என்பதை இன்றும் அறிஞர் அவ்வரைபடத்தில் இட்டே சோதிக்கின்றனர்.

மூவிழை அமைப்பும் சிறு திருத்தங்களுடன் நிலைபெற்றது. 1977இல் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் அவர் மறைந்தார். மறுப்பைப் பகையெனக் கொள்ளாது, உண்மைக்கு வழியெனக் கொண்ட அவர்தம் பண்பு மாணவர் போற்றிப் பின்பற்றத் தக்கது.