நேப்பிள்ஸ் நகரத்து ஏழைகளின் வைத்தியர்

வைத்தியரைப் பார்த்துவிட்டு வெளியே வரும் ஏழைக்கு அதன்பிறகுதான் சோதனை தொடங்குகிறது. கையில் மருந்துச் சீட்டு இருக்கும். மருந்து வாங்கக் காசு இராது. பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்ததை மூன்று நாளைக்கு வாங்கிக்கொண்டு, காய்ச்சல் இறங்கியதும் போதும் என்று விட்டுவிடுகிறவர்கள் நம் திருப்புலிவனத்துப் பக்கம் மட்டுமல்ல, உலகெங்கும் உண்டு. வேறொரு வீட்டிலோ பிரிக்காத மாத்திரை அட்டைகள் பிஸ்கட் டின்னில் கிடந்து தேதி கடந்துபோகின்றன. ஒருவரிடம் மிஞ்சியது இல்லாதவருக்குப் போய்ச் சேர வழி செய்த ஒரு வைத்தியரின் சரித்திரத்தை இவ்வாரம் நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது நலம்.

அவர் பெயர் ஜுசேப்பே மொஸ்காத்தி. நம் வழக்கில் சூசை. இத்தாலி தேசத்தில் பெனவெந்தோ என்னும் ஊரில் 1880-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி, ஒன்பது பிள்ளைகளில் ஏழாவதாகப் பிறந்தார். தகப்பனார் நீதிபதி. அவருக்கு உத்தியோகம் மாற்றலாகவே, குடும்பம் நேப்பிள்ஸ் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே தீராத வியாதிக்காரருக்கென்று பெயர்பெற்ற ஒரு பழைய ஆஸ்பத்திரி உண்டு. வீட்டிலிருந்தே அது கண்ணில் படும். சிறுவன் சூசை அதை அடிக்கடி பார்த்துக்கொண்டிருப்பானாம்.

ஆயினும் அவரை வைத்தியத்துக்கு இழுத்தது வீட்டுக்குள் வந்த துன்பமே என்று தோன்றுகிறது. 1893-ல் இராணுவத்திலிருந்த மூத்த சகோதரர் ஆல்பெர்ட்டோ குதிரையிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். அதுமுதல் வலிப்பு. பதின்மூன்று வயதுத் தம்பி பல மணி நேரம் அண்ணன் படுக்கையருகே உட்கார்ந்து பணிவிடை செய்தான். குடும்பத்தில் பலரும் சட்டம் படித்தவர்களாயிருக்க, இவர் வைத்தியம் படித்து 1903-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந் தேதி பட்டம் பெற்று, அந்தப் பழைய ஆஸ்பத்திரியிலேயே வேலைக்குச் சேர்ந்தார்.

1906 ஏப்ரலில் வெசுவியஸ் எரிமலை பொங்கியது. மலையடிவாரத்தில் தோர்ரே தெல் கிரேக்கோ என்ற ஊரில், நடமாட முடியாத கிழவர்களும் நோயாளிகளும் கிடந்த ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. இளம் வைத்தியர் யார் உத்தரவுக்கும் காத்திராமல் அங்கு ஓடி, அவர்கள் அனைவரையும் வெளியேற்றினார். கடைசி ஆள் வெளியே வந்த சிறிது நேரத்தில் சாம்பல் பாரம் தாங்காமல் கூரை இடிந்து விழுந்தது.

1914-ல் தாயார் நீரிழிவு நோயால் இறந்தார்கள். அன்று அந்நோய்க்கு மருந்தில்லை. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது 1921-ல். நோயாளிக்கு முதன்முதலாய் ஏற்றப்பட்டது 1922-ல். தாயாருக்கு உதவாமற்போன அம்மருந்தை நேப்பிள்ஸில் முதலில் கையாண்ட வைத்தியர்களுள் இவரும் ஒருவர். மருந்து உலகத்தில் இல்லாமையால் சாவது ஒன்று. இருந்தும் வாங்க வழியில்லாமல் சாவது வேறொன்று. இவர் இரண்டையும் கண்டவர்.

மொஸ்காத்தி மணமுடிக்கவில்லை. தமக்கை நீனாவுடன் வசித்தார். காலையில் திவ்விய பூசை, பிறகு ஆஸ்பத்திரி, மத்தியானத்துக்குமேல் வீட்டில் நோயாளிகள். முதல் மகா யுத்தத்தில் ஏறக்குறைய மூவாயிரம் போர்வீரரைப் பார்த்தார். பேராசிரியராகவும் பெயர் வாங்கினார். பெரிய பதவிகளைத் தேடிப்போகாமல் நோயாளிகளின் படுக்கையருகே இருப்பதையே விரும்பினார்.

அவர் வீட்டு முன்னறையில் ஒரு கூடை இருந்தது. சிலர் அது தொப்பி என்கிறார்கள், எதுவானாலென்ன? வசதியுள்ளவர்கள் இஷ்டப்பட்டதைப் போடவும், தேவையுள்ளவர்கள் எடுத்துக்கொள்ளவும் என்ற கருத்தில் ஒரு சீட்டு அதன்மேல் இருந்தது. இன்னார் போட்டார், இன்னார் எடுத்தார் என்று பார்க்க யாரும் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. நம் ஊர்களில் தர்மம் செய்கிறவர் பெயர் சுவரில் எழுதப்படுகிறது. வாங்குகிறவர் முகம் நாலுபேருக்குத் தெரிந்துவிடுகிறது. தர்ம மருந்தை விட மானம் பெரிதென்று எண்ணி வீட்டிலேயே கிடந்து சாகிறவர்களும் உண்டு. அந்தக் கூடை அப்படிப்பட்டவர்களுக்காகவே வைக்கப்பட்டது என்பது என் எண்ணம்.

இதுவுமின்றி, ஏழை நோயாளியிடம் கட்டணம் வாங்காததோடு, மருந்துச் சீட்டை மடித்துக் கொடுக்கையில் உள்ளே பணத்தை வைத்துக் கொடுப்பாராம். வீட்டுக்குப் போய்ச் சீட்டைப் பிரித்தால்தான் தெரியும். தலையணையின் கீழ் வைத்துவிட்டு வந்ததும் உண்டாம்.

1927-ம் ஆண்டு ஏப்ரல் 12, பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் பூசை கண்டு, நற்கருணை உட்கொண்டு, ஆஸ்பத்திரி வேலை முடித்து, வீட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணி சுமாருக்கு உடம்பு ஒரு மாதிரியாயிருக்கவே, நாற்காலியில் சாய்ந்து அப்படியே உயிர்விட்டார். வயது 46. பாப்பரசர் 6-ம் சின்னப்பர் 1975-ல் அவருக்கு முத்திப்பேறு பெற்ற பட்டமும், 2-ம் அருளப்பர் சின்னப்பர் 1987 அக்டோபர் 25-ல் அர்ச்சியசிஷ்ட பட்டமும் அளித்தார்கள். அவரது சரீரம் நேப்பிள்ஸில் ஜெசு நுவோவோ கோயிலில் இருக்கிறது.

அந்நகரத்தில் ஒரு வேடிக்கையான நல்ல வழக்கம் உண்டு. காப்பிக் கடையில் ஒருவர் இரண்டு காப்பிக்குப் பணம் கொடுத்து ஒன்றைக் குடித்துவிட்டுப் போவார். மற்றது பின்னால் வரும் ஏழைக்கு. இப்போது மருந்துக் கடைகளிலும் இது நுழைந்திருக்கிறது. 2000-ம் ஆண்டு மிலான் நகரில் தோன்றிய மருந்து வங்கியொன்று, வீடுகளில் மிஞ்சிய மருந்துகளையும் கடைகளில் பெட்டி வைத்துச் சேர்க்கிறது. கண்டதையெல்லாம் வாங்குவதில்லை. மருந்தாளுநர் பார்த்த பிறகே பெட்டிக்குள் போகும். உறை கெடாமலும், காலாவதிக்கு எட்டு மாதமாவது பாக்கியுள்ளதாயும் இருக்கவேண்டும். குளிரில் வைக்கவேண்டியவையும் மயக்க மருந்துகளும் தள்ளுபடி. நம் தேசத்திலும் டில்லியில் ஓம்கார்நாத் சர்மா என்ற பெரியவர் 2008-ல், மெட்ரோ பாலம் இடிந்து ஏழைகள் காயம்பட்டதைக் கண்டபின், வீடு வீடாய் நடந்து மிஞ்சிய மருந்துகளைச் சேகரிக்கத் தொடங்கினார். மருந்து பாபா என்றே ஜனங்கள் அவரை அழைத்தார்கள்.

ஆனால் பழைய துணி கொடுப்பதுபோல் மாத்திரை கொடுக்கலாகாது. கடைக்காரர் அட்டையைக் கத்தரித்தபோது தேதி அச்சடித்த முனை போயிருக்கும். திறந்த பாட்டில் கெட்டிருக்கும். தாத்தா இறந்தபின் மிஞ்சிய இன்சுலின், மின்சாரம் நின்ற நாட்களில் எத்தனை முறை சூடேறியதோ யாருக்குத் தெரியும்? ஒருவரின் இரத்த அழுத்த மாத்திரை இன்னொருவரைக் கீழே தள்ளிவிடும். ஆகவே மிஞ்சியதை அண்டை வீட்டாருக்கு நேரே நீட்டாமல், முழு அட்டையாயும் தேதியுள்ளதாயும் பார்த்து, வைத்தியரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டி, ஏற்றுக்கொள்வார்களா என்று கேளுங்கள். அவர் வேண்டாமென்றால் வேண்டாம்தான். அதற்குப் பதில் உத்திரமேரூர் மருந்துக் கடையில் ஓர் ஏழையின் சீட்டுக்குப் பணம் கட்டிவிட்டு வரலாம். பெயர் சொல்லவேண்டிய அவசியமில்லை.

மற்றொன்று. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். வீடு தேடி வந்து அவற்றைக் கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கப்பட்டது. இது தெரியாமல் கடன்பட்டுக் கடையில் வாங்குகிற முதியோர் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் உங்கள் தெருவில் இருந்தால், அவருக்காக நீங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் விசாரித்து வாருங்கள்.