பொன்னாடு ஆண்ட மூசா

சகாரா என்னும் பெரும்பாலைக்குத் தெற்கே, நைஜர் ஆறு பாயும் நிலத்தில், இடைக்காலத்தில் மாலி என்னும் பேரரசு தழைத்திருந்தது. அந்நாட்டிற் பொன் மிகுதி, உப்போ அரிது. பாலையின் நடுவே தகாசா என்னும் ஊரில் அடிமைகள் உப்பைப் பாளம் பாளமாக வெட்டியெடுத்தனர். அவ்வூரில் வீட்டுச் சுவர்களும் உப்புப் பாளங்களே. அவற்றை ஒட்டகங்களின்மேல் ஏற்றித் தெற்கே கொணர்ந்த வணிகர், பொன்னைப் பெற்று வடக்கே மீண்டனர். அவ்வணிகருட் பலர் இசுலாமியர். ஆதலின் உப்போடும் துணியோடும் அவர்தம் சமயமும் அரபு எழுத்தும் உடன்வந்தன. முதலில் வணிக நகரங்களும், பின்னர் அரண்மனையும் அச்சமயத்தைத் தழுவின. சிற்றூர் மக்களோ நெடுங்காலம் பழைய வழிபாட்டிலேயே நின்றனர்.

பேரரசை நிறுவிய சுண்டியாட்டாவின் குடியிற் பிறந்த மூசா, 1312-ஆம் ஆண்டளவில் அரியணை ஏறினார். மான்சா என்பது அந்நாட்டு மொழியில் அரசனைக் குறிக்கும் சொல்லாகும். பொன் அகழ்வோர் பழைய வழிபாட்டினர்; அவர்களிடையே இசுலாத்தைப் பரப்பியபோதெல்லாம் பொன்வரவு குன்றிற்றாம். எனவே மாலி வேந்தர் அவர்களை அவர்தம் போக்கில் விட்டுப் பொன்னைமட்டும் பெற்று வந்தனர். சமயப்பற்று மிக்க மூசாவும் அவ்வழக்கத்தை மாற்றினாரல்லர். இது பொறுமையால் விளைந்ததோ, பொருள்நோக்கால் விளைந்ததோ எனின், பின்னதே பொருந்தும்.

1324-ஆம் ஆண்டில் மூசா மக்காவுக்குப் புனிதப் பயணம் மேற்கொண்டார். பல்லாயிரவர் உடன்சென்றனர், அவருள் அடிமைகளும் மிகப் பலர். பொற்சுமை எண்பது என்பாரும் நூறு என்பாரும் உளர். வழியில் கெய்ரோ நகரில் அவர் தங்கினார். எகிப்தியச் சுல்தான் அன்னாசிர் முகம்மதின் முன் வருவோர் நிலத்தை முத்தமிடல் மரபு. மூசா அதற்கு உடன்படாது நெடிது தயங்கினார். இறுதியில், தம்மைப் படைத்த இறைவனுக்கே தாழ்வதாகக் கூறிக்கொண்டு தலைதாழ்த்தினார். இருவரும் அருகருகே அமர்ந்து உரையாடினர்.

கெய்ரோவில் அவர் கொடுத்த கொடைக்கு அளவில்லை. அதிகாரிகள், ஏவலர், இரவலர் யாவரும் பொன் பெற்றனர். ஒரு தீனார் பெறும் ஆடையை ஐந்து தீனாருக்கு விற்ற கடைக்காரரும் இருந்தனர். மாலி மக்களோ ஐயமின்றி வாங்கினர். இவ்வாறு பொன் பெருகவே அதன் மதிப்புச் சரிந்தது. முன்பு 25 திர்காமுக்குக் குறையாதிருந்த ஒரு மித்கால் பொன், 22-க்கும் கீழ் இறங்கிற்று. பன்னீராண்டுகள் கழித்து அந்நகரிற் செய்தி திரட்டிய அல் உமரி என்னும் அறிஞர், அவ்விழிவு அன்றும் நீங்கவில்லை என எழுதிவைத்தார்.

அள்ளிக் கொடுத்தவர்க்கே பின்னர் முடை நேர்ந்தது. மக்காவினின்று மீண்டபோது கைப்பொருள் தீர்ந்துபோகவே, எகிப்திய வணிகரிடம் மிகுந்த வட்டிக்குக் கடன் வாங்கினார் மூசா. முன்னாள் அவர் கையாற் பொன் பெற்ற நகரமே அவருக்குக் கடன் கொடுத்தது!

எனினும் அவர் வெறுங்கையராய் ஊர் திரும்பவில்லை. சட்ட நூல்களையும் அறிஞர் சிலரையும் உடன்கொண்டு சென்றார். கிரனாடா நகரத்துப் புலவரான அஸ்ஸாகிலி அவருள் ஒருவர். அரசருக்கெனக் குவிமாடம் அமைந்த கொலுமண்டபம் ஒன்றை அவர் எழுப்பினார். திம்புக்டு நகரில் ஜிங்கெரேபெர் என்னும் பள்ளிவாசலும் மூசாவின் ஆணையால் தோன்றியது. கல்வி கற்றுவருமாறு மொராக்கோவின் பெசு நகருக்கும் சிலரை அவர் அனுப்பினார் என்ப. பிற்காலத்தில் திம்புக்டு அறிஞர் கூடும் நகராயிற்று. அங்கே நூல்களும் விலைமிக்க வணிகப் பொருளாயின.

மூசா 1337-ஆம் ஆண்டளவில் மறைந்தார். 1375-இல் மயோர்க்காத் தீவில் வரையப்பெற்ற உலகப்படத்தில், முடிசூடிக் கையிற் பொற்கட்டி ஏந்தியவராக அவர் காட்சியளிக்கின்றார். அவர் எழுப்பிய பள்ளிவாசலின் சுவர்கள் மண்ணாலானவை. மழையில் அவை கரையுந்தோறும் ஊரார் ஒன்றுகூடிப் புதுமண் பூசுவர்.