சிவஞான முனிவரும் பொருள் கூட்டும் முறையும்

பொதியமலையினின்று இழிந்து வரும் தாமிரபரணி, பாபநாசத்தருகே சமநிலம் புகுமிடத்தில் விக்கிரமசிங்கபுரம் என்னும் ஊர் உளது. அவ்வூரில் ஆனந்தக்கூத்தருக்கும் மயிலம்மையாருக்கும் மகவாய்த் தோன்றியவர் சிவஞான முனிவர். முக்களாலிங்கர் என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர். பள்ளிச் சிறுவராயிருந்தபொழுதே, ஊருக்கு வந்த திருவாவடுதுறை ஆதீனத்துத் துறவியரை எதிர்கொண்டழைத்து, இல்லத்தில் அமுது செய்வித்து, அவருடன் செல்லப் பெற்றோர் இசைவும் பெற்றனர் என்பது வழிவழி வரும் வரலாறு. ஆதீனத்தில் வேலப்ப தேசிகரிடம் துறவு பூண்டு, தமிழும் வடமொழியும் ஐயமறக் கற்றுத் தெளிந்தார்.

சிவஞான மாபாடியம், தொல்காப்பிய முதற்சூத்திர விருத்தி, காஞ்சிப்புராணத்தின் முதற்காண்டம் முதலியன அவர் இயற்றியவை. வடமொழித் தருக்க சங்கிரகத்தையும் தமிழாக்கினார். ஈண்டு யாம் கருதுவது, திருநெல்வேலிச் சங்கரநமச்சிவாயர் நன்னூலுக்கு வகுத்த விருத்தியுரையை அவர் திருத்தியமைத்த பணியேயாகும்.

உரை வகுப்பார்க்கு முதல் இடர் யாது? எச்சொல் எச்சொல்லோடு முன்னர்க் கூடும் என்பதே. பழைய சுவடியும் எழுத்தாணியும் என்றால், பழமை சுவடிக்கு மட்டுமோ, இரண்டிற்குமோ? எழுத்தை நோக்கினால் விடை கிடையாது. செய்யுட் சொற்களைக் கூட்டிப் பொருள் கொள்ள எண்வகைப் பொருள்கோளை நன்னூல் வகுத்ததும், சொல்லிலக்கணம் போன்ற ஒரு தொகை ஏழு பொருள்வரை மயங்கும் என உரையாளர் காட்டியதும் இதுபற்றியே.

இவ்விடர் இன்று கணினிமொழியிலும் உளது. 1990ஆம் ஆண்டில் வெளிப்போந்த ஹாஸ்கெல் என்னும் மொழியில், ஒரு பட்டியலைத் தலையுறுப்பும் எச்சமுமாகப் பகுத்து, இடையே முக்காற்புள்ளியிட்டு எழுதுவர். இப்பகுப்பை அடைப்புக்குறியின்றி ஒரு சார்பின் பெயரையடுத்து எழுதியவர், சார்பு பட்டியல் முழுவதையும் கொள்ளும் என்றே எண்ணுவர். கணினியோ அவ்வாறு கொள்ளாது. சார்பு தன்னையடுத்த சொல்லோடு கூடுதல், முக்காற்புள்ளி இணைத்தலினும் முற்பட்டது என்பது அம்மொழியின் விதி. ஆதலின் சார்பு தலையுறுப்பை மட்டும் பற்றிக்கொள்ள, எச்சம் புறத்தே நின்றுவிடும். சார்பை வரையறுக்குமிடத்துக் கணினி இதனைப் பிழையென மறுக்கும். சார்பைப் பயன்படுத்துமிடத்து ஒரோவழி மறுக்காமலே வேறு விடை தரும். முன்னது எளிதிற் புலப்படும், பின்னதே அஞ்சத்தக்கது.

அங்கே அடைப்புக்குறி செய்யும் தொழிலை, நம் மொழியிலே தொக்க உருபை விரித்துக் காட்டும் உரையாளர் செய்கின்றனர். முனிவர் பிழை கண்டவிடத்து விட்டுக்கொடாதவர். இலக்கண விளக்கச் சூறாவளி என அவர் தம் கண்டன நூலுக்கு இட்ட பெயரே அதற்குச் சான்று. எனினும் சங்கரநமச்சிவாயர் உரையை ஒதுக்கித் தம் பெயரால் வேறோர் உரை எழுதினாரல்லர். வேண்டுவன திருத்தியும் கூட்டியும், முன்னோர் உழைப்பை நிலைநிறுத்தினார். புத்தம்புத்துரை என வழங்குவது அவ்வுரையே.

1785ஆம் ஆண்டில் திருவாவடுதுறையில் முனிவர் மறைந்தார். தாம் எண்ணியதே பிறர்க்கும் தோன்றும் என்று நம்பி எழுதுதல் எளிது; பிறர் எவ்வாறு பிறழ உணரக்கூடும் என்று முன்னுணர்ந்து அவ்வழியை அடைத்தல் அரிது. அவ்வரிய பணியைச் செய்த பெரியாரை, அவர் பிறந்த ஆற்றுவெளியிலே கற்கும் நாம் மறவாதிருப்போமாக.