சட்டசபையில் எங்கள் தாபகர்

மருதனார்மடத்தில் படித்த எங்களுக்குச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது தலைப்பாகை கட்டிய அந்தப் படந்தான். தாபகர் தினத்தில் மாலை சூட்டினோம், பேச்சுப் போட்டிகளில் அவரைப் பாடமாக்கிப் பேசினோம். அந்தப் பேச்சுக்களில் வந்தவர் கல்லூரியைக் கட்டித் தந்த வள்ளல். சட்டநிரூபண சபையில் வாதாடிய இராமநாதனை நாங்கள் அதிகம் அறிந்து கொள்ளவில்லை. அந்தப் பக்கத்தைப் பழைய மாணவிகளாகிய நாங்களே எழுதினால்தான் சரி என்று நினைக்கிறோம். அதில் பெருமைப்படும்படியான விடயங்களும் உண்டு, எங்களுக்கே நோகும் ஒரு விடயமும் உண்டு.

அவர் 1851 ஏப்ரல் 16ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். சட்டசபை அவர் வீட்டுக்குப் புதிதல்ல. தாய்வழிப் பாட்டனார் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார் 1835இல் அச்சபையில் தமிழருக்காக அமர்ந்தவர். தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமியும் அங்கேயே இருந்தார். 1879இல் மாமன் மறைந்ததும் அந்த ஆசனம் மருமகனுக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 28. கொழும்பிலும் சென்னைப் பிரசிடென்சிக் கல்லூரியிலும் படித்து அப்புக்காத்தாகியிருந்தார். பழைய உயர்நீதிமன்றத் தீர்ப்புகளைத் தேடித் தொகுத்து அச்சிட்டதால் சட்டத்தரணிகளிடையே அவருக்கு நல்ல பெயர்.

முதற் தவணை பதின்மூன்று வருடங்கள் நீடித்தது. தமிழர் பிரதிநிதி என்ற பெயரில் அமர்ந்தவர் தமிழர் விடயத்தோடு நின்றுவிடவில்லை. வெசாக் தினத்தைப் பொது விடுமுறையாக்க வேண்டும் என்ற பௌத்தர்களின் கோரிக்கைக்குச் சபையில் துணை நின்றார். 1885இல் அந்த விடுமுறை கிடைத்தது. முஸ்லிம்கள் விடயத்தில் அவருடைய மனம் அவ்வளவு விரிந்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சோனகர் இனத்தால் தமிழரே என்று 1888இல் அவர் எழுதிய கட்டுரையை, தங்களுக்குத் தனிப் பிரதிநிதி வருவதைத் தடுக்கும் முயற்சியாகவே அவர்கள் கண்டார்கள். அந்த மனக்கசப்பு நெடுநாள் ஆறவில்லை.

1889இல் விக்டோரியா மகாராணி ஆட்சியில் சீ.எம்.ஜீ. விருது கிடைத்தது. 1892 முதல் 1906 வரை சொலிசிற்றர் ஜெனரலாக இருந்தார். அரச குடும்பத்துக்கும் பிரித்தானிய முடிக்கும் மரியாதை செலுத்துவதில் அவர் ஒருபோதும் குறை வைத்ததில்லை. இன்றைய இளைய தலைமுறைக்கு இது அடிமைப் புத்தியாகத் தோன்றலாம். ஆனால் அந்த மரியாதையை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதை 1915ஆம் ஆண்டில் பார்க்கலாம்.

அதற்கு முன் எங்கள் கல்லூரி. மேலைநாடுகளிலும் அமெரிக்காவிலும் சொற்பொழிவாற்றித் திரும்பியவர், சைவப் பெண்பிள்ளைகள் உயர்ந்த கல்வியைத் தம் சமயச் சூழலிலேயே தங்கிப் படிக்க ஓர் இடம் வேண்டும் என்று சொந்தப் பணத்தைக் கொட்டினார். 1913இல் இராமநாதன் கல்லூரி திறக்கப்பட்டது. முதல் அதிபராக அவர் அழைத்து வந்தவர் புளோரன்ஸ் ஃபார் அம்மையார். இலண்டன் மேடையில் இப்சனுடைய நாடகங்களிலும் பெர்னாட் ஷாவின் நாடகங்களிலும் நடித்தவர், கவிஞர் யேற்சின் தோழி. நவீன காலப் பெண் எதை நாடுகிறாள் என்று 1910இல் ஒரு நூலே எழுதியவர். அப்படிப்பட்டவரை யாழ்ப்பாணத்துச் சிறுமிகளுக்குப் பொறுப்பாக வைத்த துணிவு சின்னத் துணிவல்ல. அம்மையார் இங்கிலாந்துக்குத் திரும்பவில்லை. 1917இல் கொழும்பிலேயே நோயுற்றுக் காலமானார். அவுஸ்திரேலியாவில் பிறந்த லீலாவதி அம்மையார், எங்கள் தாபகரின் துணைவியார், பின்னர் கல்லூரியின் பொறுப்பை ஏற்று நடத்தியதை எங்களில் மூத்தோர் தம் தாய்மாரிடம் கேட்டறிந்திருப்பார்கள்.

இதற்கிடையே 1911இல் சபையில் புதிய ஆசனம் ஒன்று உருவாகியிருந்தது. படித்த இலங்கையருக்கென்று முழுத் தீவுக்கும் ஒரேயோர் ஆசனம். வாக்காளர் சில ஆயிரம் பேரே, எல்லோரும் ஆங்கிலம் கற்ற ஆண்கள். பெரும்பாலும் சிங்களவர்களான அந்த வாக்காளர்கள், சிங்களவரான டொக்டர் மாக்கஸ் பெர்னாண்டோவை விட்டு இராமநாதனைத் தெரிவு செய்தார்கள். சாதிப் போட்டி அதற்கு ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். அது உண்மைதான்.

நான்கு வருடம் கழித்துக் கலவரம் வந்தது. கண்டியில் பெரஹரா ஊர்வலத்தை ஒட்டிச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் மூண்ட சண்டை மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. 1915 ஜூன் 2ஆம் திகதி தேசாதிபதி சாமேர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். கலவரம் சில நாட்களில் அடங்கிற்று; இராணுவச் சட்டம் ஓகஸ்ட் முடியும்வரை நீடித்தது. விசாரணையின்றியே பலர் சுடப்பட்டார்கள். ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. சேனநாயக்க சகோதரர்கள் சிறையில் கிடந்தார்கள். குற்றம் செய்தவர் செய்யாதவர் என்ற பேதமின்றிச் சிங்கள மக்களிடம் நட்டஈடு அறவிடச் சட்டம் வந்தது.

அப்போது வாய் திறப்பதே ஆபத்து. அறுபத்து நான்கு வயதான இராமநாதன் சபையில் எழுந்து அதிகாரிகளின் செயல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அரசருக்கு எதிராக அவர் பேசவில்லை. அரசருடைய பெயரையும் ஆங்கிலச் சட்டத்தையும் முன்னே வைத்து, அதிகாரிகள் அந்தச் சட்டத்துக்கே மாறாக நடந்தார்கள் என்று வாதாடினார். முடிக்குச் செலுத்திய மரியாதை அவருக்கு இங்கே கேடயமாயிற்று. பின்பு உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே இலண்டனுக்குக் கப்பலேறி, குடியேற்ற நாட்டு அமைச்சில் வழக்கைச் சொன்னார். அவர் பேச்சுக்கள் 1916இல் அங்கே நூலாக வெளிவந்தன. அந்நூலில் முஸ்லிம்கள் பட்ட துன்பத்துக்குப் போதிய இடமில்லை என்பதும் உண்மை. திரும்பி வந்தபோது கொழும்பில் குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவருடைய வண்டியைச் சிங்கள மக்களே இழுத்துச் சென்றார்கள் என்பது பேச்சுப் போட்டியில் நாங்கள் தவறாமல் சொன்ன கதை.

1921இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் ஆட்சியில் சேர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டில் ஆண்பிள்ளைகளுக்காகத் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரி எழுந்தது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது அந்த நிலத்தில்தான். எங்களில் எத்தனையோ பேர் அவருடைய பள்ளியில் படித்து, பிறகு அவருடைய மற்றப் பள்ளியின் மண்ணிலேயே பட்டம் பெற்றோம்.

இனி, பேச்சுப் போட்டியில் நாங்கள் சொல்லாத கதை. 1927இல் டொனமூர் ஆணைக்குழு வந்தது. பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்று கொழும்பில் பெண்கள் சங்கம் அமைத்து ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தார்கள். இராமநாதன் எதிர்த்தார். பெண்களுக்கு வாக்கு வேண்டாம் என்றார். கல்வியும் சொத்தும் இல்லாத ஆண்களுக்கும், சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் வாக்குக் கொடுப்பதையும் எதிர்த்தார். அது கும்பலாட்சியில் முடியும், இந்து வாழ்க்கை முறைக்கே பகை என்பது அவர் வாதம். பெண்ணுக்கு ஆங்கிலமும் வடமொழியும் சங்கீதமும் சமயமும் கற்றுக்கொடுத்தவர், அந்தப் பெண்ணின் இடம் வீடும் கோயிலும் என்றே நம்பினார்.

காலத்தின் கட்டுப்பாடு என்று சொல்லி இதைக் கடந்துபோக எங்களுக்கு மனமில்லை. அதே காலத்தில் அவருடைய சொந்தத் தம்பி சேர் பொன்னம்பலம் அருணாசலம் சாதாரண மக்களுக்கும் வாக்குரிமை விரிய வேண்டும் என்று நினைத்தவர். ஒரே வீட்டில் வளர்ந்த இருவர் இரண்டு வழியில் போனார்கள். தாபகர் தவறான வழியில் போனார் என்பதே எங்கள் எண்ணம். சிறுபான்மையினரின் பிரதிநிதித்துவம் குறையும் என்று டொனமூர் திட்டத்தைப் பற்றி அவர் கொண்ட பயம் வேறு விடயம். அதைப் பின்வந்த காலம் பொய்யென்று காட்டவில்லை.

1929 டிசம்பரில் சட்டசபை அத்திட்டத்தை 19க்கு 17 என்ற வாக்குகளால் ஏற்றது. அடுத்த வருடம், எழுபத்தொன்பதாம் வயதில், அதைத் தடுக்க அவர் மறுபடியும் இலண்டன் சென்றார். இந்தத் தடவை பலன் கிட்டவில்லை. 1930 நவம்பர் 26ஆம் திகதி காலமானார். அவருடைய சமாதி எங்கள் கல்லூரி வளவிலேயே இருக்கிறது.

1931 ஜூனில் இருபத்தொரு வயதுக்கு மேற்பட்ட ஆண்களும் பெண்களும் வாக்களித்த முதற் தேர்தல் நடந்தது. யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் பகிஷ்கரிக்கச் சொன்னதால் குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் வெறுமையாகக் கிடந்தன. அடுத்த வருடம் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்மணி கொழும்பு வடக்கிலிருந்து சட்டசபைக்குள் நுழைந்தார். யாழ்ப்பாணத்தில் வாக்களிப்பு 1934இல்தான் நடந்தது. 1913இல் புளோரன்ஸ் ஃபார் அம்மையாரிடம் பாடங் கேட்ட சிறுமிகளுக்கு அப்போது முப்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். அவர்களுக்கும் அந்த வருடம் வாக்கு இருந்தது.