சதுரங்க வீரர் பாவோலோ போயி

நாம் வாழும் பலெர்மோ நகரின் பழைய அரண்மனையுள் 12ஆம் நூற்றாண்டில் எழுந்த கப்பெல்லா பலத்தீனா என்னும் சிற்றாலயம் உள்ளது. அதன் மரக்கூரையில் இருவர் சதுரங்கம் ஆடும் ஓவியத்தைக் காணலாம். பாரத நாட்டிற் பிறந்த அவ்வாட்டம் பாரசீகரையும் அராபியரையும் கடந்து இத்தீவை அடைந்தது. அதிற் பெரும்புகழ் எய்திய சிசிலியர் ஒருவரின் வரலாற்றை மாணவச் செல்வங்கள் அறிதல் நன்று.

பாவோலோ போயி 1528இல் சிராக்கூசா நகரிற் பிறந்தார். அரசியும் அமைச்சரும் நெடுந்தூரம் செல்லும் புதிய விதிகள் அதற்குச் சில பதிற்றாண்டுகளின் முன்னரே ஐரோப்பாவில் வழக்கிற்கு வந்திருந்தன. இருவரும் அரசனின் முன்னுள்ள காலாளை இரு கட்டம் நகர்த்தி ஆட்டத்தைத் தொடங்குவதே அக்காலப் பெருவழக்கு. பின்னர்க் குதிரைகள் வெளிவரும். இத்தாலியத் தொடக்கத்தில் வெள்ளை அமைச்சர், எதிரி அரசன் ஒருவனே காக்கும் காலாளைக் குறிவைப்பார். ஸ்பானியத் தொடக்கத்திலோ அக்குதிரையையே நெருக்குவார். பின்னதற்குப் பெயர் தந்தவர் 1561இல் சதுரங்க நூல் வெளியிட்ட மதகுரு ருய் லோப்பஸ்.

1575இல் ஸ்பானிய மன்னர் இரண்டாம் பிலிப்பின் மத்ரித் அரசவையில் இரு நாட்டு வல்லுநரும் மோதினர். 1560இல் உரோமையில் லோப்பஸிடம் தோற்றிருந்த தென்னித்தாலியர் லெயனார்தோ, இம்முறை அவரை வென்றார். போயியும் அவ்வவையில் ஆடிப் புகழ் பெற்றார். அந்நாளில் சிசிலியும் அம்மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தமை இங்கு நினைக்கத்தக்கது.

போயியின் வாழ்வில் துன்பமும் நேர்ந்தது. கடற்பயணத்தில் கொள்ளையரிடம் அகப்பட்டு அடிமையாக விற்கப்பட்டார் என்றும், ஆட்டத்திறனால் தம் எசமானருக்குப் பெரும்பொருள் ஈட்டிக் கொடுத்து விடுதலை பெற்றார் என்றும், சிசிலியரான பியெத்ரோ கரேரா 1617இல் வெளியிட்ட சதுரங்க நூல் வழியாக அறிகிறோம். பலகையைப் பாராமலே ஒரே வேளையில் மூன்று ஆட்டங்களை ஆடவல்லவர் என்றும் அவரைப் போற்றுவர். 1598இல் நாப்போலி நகரில் அவர் காலமானார்.

கப்பலிலே அவருடைய பொருளைக் கவர்ந்தோரால் அவர் கற்றதைக் கவர இயலவில்லை. உடைமை யாவும் இழந்து கடல் கடந்து வந்தோரின் பிள்ளைகளாகிய நீங்கள் இதனை எளிதில் உணர்வீர்கள். தாய்மொழியாயினும் கணிதமாயினும் சதுரங்கமாயினும் நன்கு கற்றுக்கொள்ளுங்கள். எத்துறைமுகத்தில் இறங்கினும் அக்கல்வி உங்களுடன் வரும்.